ஹீட் பம்ப்: மச்சானுக்கு 4.6, எனக்கு 3.1. எங்கே பிழை?

ஹரோ_வாசி (லண்டன்) | 3 பெப்ரவரி 2025

எல்லோருக்கும் வணக்கம். போன ஒக்டோபர் கடைசியில் காஸ் பாய்லரைக் கழற்றிவிட்டு ஹீட் பம்ப் பூட்டினோம். 1930களில் கட்டின வீடு, மூன்று அறை, ஒரு பக்கச் சுவர் அயலவரோடு ஒட்டினது. அரசாங்கத்தின் 7,500 பவுண்ட் மானியம் கிடைத்தது. வெளியே நிற்கிற மெஷின் 7 கிலோவாட், காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கிற வகை. ரேடியேட்டரில் பாதி புதிது, பாதி பழையது.

நவம்பர் 1 தொடக்கம் ஜனவரி 31 வரை 92 நாள். ஒவ்வொரு ஞாயிறு காலையும் கொப்பியில் எழுதி வைத்தேன். குழப்பம் என்னவென்றால், எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

மெஷினின் திரை சொல்வது: எடுத்த கரண்ட் 1,640 யூனிட், கொடுத்த வெப்பம் 6,230 யூனிட். பிரித்தால் 3.8.

ஹீட் பம்புக்கென்று தனியாகப் போட்ட கரண்ட் மீட்டரில் 1,905 யூனிட். குழாயில் பூட்டின வெப்ப மீட்டரில் 5,980 யூனிட். இதைப் பிரித்தால் 3.14.

ஸ்டுட்கார்ட்டில் இருக்கிற மச்சான் தனக்கு 4.6 வருகிறது என்கிறார். அதே அளவு மெஷின், வேறு கம்பெனி. "உன்னை ஏமாத்திப் போட்டாங்கள்" என்று ஃபோனில் சொன்னார். அன்றிலிருந்து மனது சரியில்லை. பூட்டினவர்களைக் கேட்டால், "திரையில 3.8 காட்டுதே, நல்ல எண்தானே" என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

எனக்கு இரண்டு கேள்வி. இதில் எந்த எண்ணை நம்புவது? மச்சானின் எண்ணோடு என்னுடையதை ஒப்பிடலாமா?


குழாய்க்காரன் (பேர்மிங்ஹாம்) | 3 பெப்ரவரி

தம்பி, முதலில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும். ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் சூடு எவ்வளவு? வெளியே குளிர் கூடக் குறைய அதுவும் மாறுகிறதா, இல்லை ஒரே எண்ணில் நிற்கிறதா? குளிக்கிற தண்ணீர் டாங்கில் இம்மர்சன் ஹீட்டர் (டாங்குக்குள் தண்ணீரை நேரே சூடாக்குகிற மின்சாரக் கம்பி) இருக்கிறதா, அதற்கு டைமர் போட்டிருக்கிறதா? மெஷினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் சூட்டுத் தண்ணீரைத் தேக்குகிற பஃபர் டாங்க் இருக்கிறதா? குழாய்க்குள் ஓடுவது வெறும் தண்ணீரா, உறையாமல் இருக்கச் சேர்க்கிற கிளைகால் கலந்ததா?

கிளைகாலை ஏன் கேட்கிறேன் என்றால், வெப்ப மீட்டர் பெரும்பாலும் தண்ணீருக்கென்று கணக்கு வைத்து வருகிறது. கிளைகால் கலந்த தண்ணீர் அதே அளவு ஓடினாலும் கொஞ்சம் குறைவான வெப்பத்தைத்தான் சுமக்கும். கால் பங்கு கலந்திருந்தால் மீட்டர் மூன்று நான்கு சதவீதம் கூட்டிக் காட்டும். 30 வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன், கடைசி ஏழு வருடம் ஹீட் பம்ப்தான். திரையில் காட்டும் எண்ணை மட்டும் பார்த்து எந்த வீட்டையும் நான் எடை போடுவதில்லை.


அளவுகோல் (மியூனிக்) | 4 பெப்ரவரி

ஹரோ அண்ணா, நான் கோயம்புத்தூர்க்காரன், இங்கே அளவீட்டுக் கருவிகள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கொடுத்த வெப்பத்தை எடுத்த கரண்டால் வகுத்தால் வருவது சிஓபி. கேட்பதற்கு எளிது. ஆனால் "எடுத்த கரண்ட்" என்று எதையெல்லாம் சேர்க்கிறோம் என்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. ஐரோப்பாவில் செபெமோ என்று ஒரு ஆய்வுத் திட்டம் நடந்தது. அவர்கள் இதற்கு நான்கு எல்லைகள் வகுத்தார்கள். எச்1 என்றால் கம்ப்ரசர் பகுதி மட்டும். எச்2 என்றால் வெளிக்காற்றை இழுக்கும் விசிறியும் சேரும். எச்3இல் இம்மர்சன் போன்ற துணை ஹீட்டர். எச்4இல் வீட்டுக்குள் தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பும் சேர்ந்துவிடும். ஒரே மெஷின், ஒரே வீடு, ஒரே மாதம், ஆனால் எச்2இல் ஒரு எண் வரும், எச்4இல் அதைவிடச் சின்ன எண் வரும். இரண்டுமே உண்மை. உங்கள் திரையில் தெரிவது ஏறக்குறைய எச்2. உங்கள் தனி மீட்டர் எச்4. உங்கள் மச்சானுடைய 4.6 எந்த எல்லை என்று அவருக்கே தெரியுமா என்பது சந்தேகம்.

அடுத்தது வெப்பம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது, போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம், இந்த இரண்டையும் பெருக்கி 0.07ஆல் பெருக்கினால் கிலோவாட் வரும். 12 லிட்டர், 5 டிகிரி என்றால் 4.2 கிலோவாட். இப்போது யோசியுங்கள். அந்த வித்தியாசமே 5 டிகிரிதான். ஒரு சென்சார் அரை டிகிரி தப்பாகக் காட்டினால் 10 சதவீதம் பிழை. உண்மையில் 3.6 ஆக இருப்பது 4 ஆகத் தெரியும்! அதனால்தான் முறையான வெப்ப மீட்டரில் இரண்டு சென்சாரையும் ஜோடி பார்த்துப் பொருத்தி அனுப்புகிறார்கள். மெஷினுக்குள் இருக்கும் சென்சார்கள் மெஷினை ஓட்டுவதற்கு வைத்தவை, கணக்கு எழுத வைத்தவை அல்ல. பல மெஷின்கள் கரண்டைக்கூட அளப்பதில்லை, கம்ப்ரசர் வேகத்தை வைத்து மதிப்பிடுகின்றன.

உங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. பூஜ்யத்திலிருந்து 3 டிகிரி வரை, ஈரமான காற்று இருக்கும்போது வெளி மெஷினின் சுருளில் பனி படியும். அதை உருக்க மெஷின் சில நிமிடம் தலைகீழாக ஓடி, வீட்டுத் தண்ணீரிலிருந்தே வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அந்த வெப்பத்தைக் கழிக்க வேண்டும், ஆனால் பல மீட்டர்கள் கழிப்பதில்லை. வறண்ட மைனஸ் 10ஐவிட ஈரமான 1 டிகிரியில் இந்தத் தொல்லை அதிகம்.

சுருக்கமாகச் சொன்னால் உங்கள் தனிக் கரண்ட் மீட்டரையும் வெப்ப மீட்டரையும் நம்புங்கள். ஆனால் 3.14 என்ற எண் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. திரைக்கும் மீட்டருக்கும் நடுவே 265 யூனிட் கரண்ட் எங்கே போனது?


ஹரோ_வாசி | 6 பெப்ரவரி

எல்லோருக்கும் நன்றி. பஃபர் டாங்க் இல்லை. கிளைகால் இல்லை, குழாயில் உறைவுத் தடுப்பு வால்வு போட்டிருக்கிறார்கள். ரேடியேட்டர் தண்ணீர் 50 டிகிரி, மாறுவதே இல்லை. ஹாலில் உள்ள தெர்மோஸ்டாட் போட்டு அணைக்கிறது.

265 யூனிட்டைத் தேடி இரண்டு இரவு முழித்திருந்தேன். கரண்ட் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுங்கும், பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 1,000 மினுங்கல் என்று எழுதியிருக்கிறது. வீடு அடங்கின பிறகு படிக்குக் கீழே ஒரு கதிரையைப் போட்டு அதன் முன்னால் இருந்தேன். 12.50க்கு மெஷின் நின்றது. விளக்கு நிமிடத்துக்கு ஒருமுறைதான் மினுங்கியது. சரியாக ஒரு மணிக்கு மேலே டாங்க் அலமாரியில் "டிக்" என்று ஒரு சத்தம். உடனே விளக்கு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 51. வெளியே எட்டிப் பார்த்தால் மெஷின் அசையவில்லை. ஒன்றரைக்குத் திரும்ப "டிக்", விளக்கு அடங்கிவிட்டது. அடுத்த இரவும் அதே.

நிமிடத்துக்கு 50 என்றால் மணிக்கு 3,000, அதாவது 3 கிலோவாட். இம்மர்சன் ஹீட்டர்! ஒவ்வொரு இரவும் அரை மணித்தியாலம் ஓடியிருக்கிறது. இப்படியொரு டைமர் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.


அளவுகோல் | 6 பெப்ரவரி

அருமையான வேலை அண்ணா. அந்த மினுங்கலை எண்ணுவது எந்த ஆப்பையும்விட நம்பகமானது.

இப்போது கணக்கு முடிகிறது பாருங்கள். இம்மர்சன் ஒரு இரவுக்கு 1.5 யூனிட், 92 நாளுக்கு 138. சுற்றும் பம்ப் சுமார் 45 வாட், நாள் முழுக்க ஓடினால் 99 யூனிட். திரை, கண்ட்ரோலர் எல்லாம் சும்மா இருக்கும்போது 12 வாட் என்று வைத்தால் 26 யூனிட். மொத்தம் 263. உங்கள் 265 கிடைத்துவிட்டது.

இதில் நுட்பம் ஒன்று உண்டு. இம்மர்சன் கொடுக்கும் சூடு நேரே டாங்குக்குள் போகிறது, குழாயில் உள்ள வெப்ப மீட்டர் வழியாகப் போவதில்லை. அதாவது உங்கள் 3.14இல் அந்தக் கரண்ட் கீழே இருக்கிறது, அது கொடுத்த வெப்பம் மேலே இல்லை. அது நியாயமில்லை. ஒன்று, இரண்டு பக்கமும் சேர்க்க வேண்டும்: 6,118ஐ 1,905ஆல் வகுத்தால் 3.21. அல்லது இரண்டு பக்கமும் விட வேண்டும்: 5,980ஐ 1,767ஆல் வகுத்தால் 3.38. வீட்டின் நிலை என்ன என்று கேட்டால் 3.21. மெஷின் எப்படி என்று கேட்டால் 3.38.


குழாய்க்காரன் | 7 பெப்ரவரி

டைமரை அப்படியே அணைத்துவிட வேண்டாம் தம்பி. வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா? டாங்க் தண்ணீர் 48இலேயே நின்றால் லெஜியோனெல்லாக் கிருமி பற்றி யோசிக்க வேண்டும். கிழமைக்கு ஒருமுறை 60க்கு ஏற்றினால் போதும், ஒவ்வொரு இரவும் தேவையில்லை. கிழமைக்கு ஒரு மணித்தியாலம், 3 யூனிட். இப்போது 10 யூனிட்டுக்கு மேல் போகிறது.

ஆனால் உண்மையான பிழை அந்த 50 டிகிரி. அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன், இன்றைக்கு ஒரு வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது.


வெளிச்சம் (லெஸ்டர்) | 7 பெப்ரவரி

நான் ஒன்று கேட்கட்டுமா? வீடு சூடாக இருக்கிறது. பில் கட்டக்கூடியதாக இருக்கிறது. 3.2 ஆனால் என்ன, 3.8 ஆனால் என்ன? இரவு ஒரு மணிக்கு மீட்டருக்கு முன்னால் இருந்து எண்ணுவதற்கு இதில் என்ன இருக்கிறது? சண்டைக்குக் கேட்கவில்லை. எனக்கும் பூட்டச் சொல்கிறார்கள், இந்தக் கணக்கெல்லாம் பார்க்கப் பயமாக இருக்கிறது.


ஹரோ_வாசி | 7 பெப்ரவரி

நல்ல கேள்வி அண்ணை. எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். இந்த மூன்று மாத (2025 ஜனவரி முதல் மார்ச் வரை) விலையில் கரண்ட் யூனிட்டுக்கு 24.86 பென்ஸ், காஸ் 6.34 பென்ஸ். பழைய பாய்லர் 85 சதவீதம் வேலை செய்தது என்று வைத்தால், ஒரு யூனிட் வெப்பம் 7.46 பென்சுக்குக் கிடைத்தது. 24.86ஐ 7.46ஆல் பிரித்தால் 3.33. அதுதான் கோடு. அதற்குக் கீழே நின்றால் காஸைவிடக் கூடச் செலவு, மேலே நின்றால் மிச்சம். நான் 3.21இல் நிற்கிறேன், கோட்டுக்குச் சற்றுக் கீழே. 3.9க்கு ஏறினால் ஒரு யூனிட் வெப்பம் 6.37 பென்ஸ். என் வீட்டுக்கு வருடம் 11,000 யூனிட் வெப்பம் தேவை என்று எடுத்தால் 150 பவுண்ட் வித்தியாசம். காஸ் இணைப்பை வெட்டினால் அதன் நாள் கட்டணமும் மிச்சம்.

காசு ஒரு பக்கம். இதை நம்பித்தான் அம்மாவையும் இந்த வீட்டில் வைத்திருக்கிறேன். அது சரியாக ஓடுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும்.


ஸ்காபரோ_மாமா (டொரொண்டோ) | 8 பெப்ரவரி

இங்கே எங்களுக்கு இன்னொரு தலையிடி. கடையில் "10 ஹெச்எஸ்பிஎஃப்" என்று சொல்லி விற்கிறார்கள். 10 என்றதும் மச்சானின் 4.6ஐவிட இரண்டு மடங்கு நல்லது என்று நினைத்துவிடக் கூடாது. அது ஒரு பருவம் முழுக்கக் கொடுத்த வெப்பத்தைப் பிடியூ என்ற பழைய அலகில் எடுத்து, எடுத்த கரண்டை வாட் மணியில் வைத்துப் பிரித்த எண். 3.412ஆல் பிரித்தால்தான் உங்கள் கணக்குக்கு வரும்: 2.93. அதுவும் அமெரிக்காவின் நான்காம் காலநிலை மண்டலத்துக்குப் போட்ட எண். எங்கள் குளிருக்கு ஐந்தாம் மண்டலத்து எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், அது இன்னும் சின்னது. இப்போது ஹெச்எஸ்பிஎஃப்2 என்று சோதனை முறையையும் மாற்றிவிட்டார்கள், அதனால் பழைய மெஷினின் எண்ணையும் புதிய மெஷினின் எண்ணையும் பக்கத்தில் வைத்தால் புதியதுதான் மோசம் என்று தெரியும்.


அளவுகோல் | 8 பெப்ரவரி

மாமா சொன்னது ஐரோப்பாவுக்கும் பொருந்தும். இங்கே மெஷினில் ஒட்டி வரும் எஸ்சிஓபி (பருவம் முழுவதற்குமான சிஓபி) எண் ஈஎன் 14825 என்ற தரத்தின்படி ஆய்வகச் சோதனையிலிருந்து கணக்கிட்டது. அதில் "சராசரி" காலநிலை என்பது ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தின் காலநிலை, மைனஸ் 10 வரை. குளிர் என்றால் ஹெல்சிங்கி, மைனஸ் 22. வெப்பம் என்றால் ஏதென்ஸ். லண்டன் இதில் எதுவும் இல்லை. மேலும் 35 டிகிரித் தண்ணீருக்கு ஒரு எண், 55க்கு ஒரு எண் என்று இரண்டு இருக்கும். விற்பவர் எப்போதும் 35ஐத்தான் காட்டுவார்.

வீடுகளில் அளந்தது வேறு. ஜெர்மனியில் ஃப்ரௌன்ஹோஃபர் நிறுவனம் பழைய வீடுகளில் அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் காற்று வகைக்குச் சராசரி 3.1, நிலத்திலிருந்து எடுக்கும் வகைக்கு 4.1. பிரிட்டனில் அரசு பணம் கொடுத்து 742 வீடுகளில் பொருத்திப் பார்த்தார்கள், காற்று வகையின் நடுமதிப்பு 3க்குச் சற்றுக் கீழே. வேல்ஸில் இருக்கும் ஓப்பன் எனர்ஜி மானிட்டர் குழு ஹீட்பம்ப் மானிட்டர் என்று ஒரு பொதுப் பட்டியல் நடத்துகிறது. அதில் 4க்கு மேலே நிறைய வீடுகள் தெரியும். அந்த அளவுகள் நல்ல அளவுகள்தான், நான் மதிக்கிறேன். ஆனால் தாமாக முன்வந்து மீட்டர் பூட்டி நாள்தோறும் பார்ப்பவர்கள் வீடுகள் அவை. அதைச் சராசரி என்று எடுக்கக் கூடாது. எங்கே வரை போகலாம் என்று தெரிந்துகொள்ள அதைப் பாருங்கள்.


பனிமலர் (ஒஸ்லோ) | 8 பெப்ரவரி

இங்கே ஹீட் பம்ப் உள்ள வீடுகளில் பெரும்பாலும் இருப்பது காற்றிலிருந்து காற்றுக்கு, சுவரில் மாட்டுகிற வகை. தண்ணீரே இல்லை, அதனால் வெப்ப மீட்டர் பூட்ட இடமில்லை. நான் எப்படி அளந்தேன் என்று சொல்கிறேன், மீட்டர் இல்லாதவர்களுக்கு உதவும்.

ஒரு கிழமை ஹீட் பம்பை நிற்பாட்டிவிட்டுச் சுவரில் இருக்கிற மின்சார ஹீட்டர்களால் மட்டும் வீட்டை 21இல் வைத்தேன். அந்த ஹீட்டர்கள் ஒரு யூனிட் எடுத்தால் ஒரு யூனிட் வெப்பம் தரும், அதுவே அளவுகோல். வீடு முழுக்க 412 யூனிட். கிட்டத்தட்ட அதே குளிர் இருந்த இன்னொரு கிழமை ஹீட் பம்போடு 205. சமையல், விளக்கு, குளியல் தண்ணீருக்கு இரண்டு கிழமையும் 70 என்று கழித்தேன். 342க்கு 135. பிரித்தால் 2.5.

கடைசி இரண்டு அறைக்கு ஹீட் பம்பின் காற்றுப் போவதில்லை, அங்கே அப்போதும் மின்சார ஹீட்டர்தான். ஆகவே மெஷினின் எண் 2.5க்கு மேலே இருக்கும். ஆனால் என் வீட்டுக்கு 2.5தான். இரண்டு கிழமையிலும் மைனஸ் 4, 5 இருந்தது. வெயில் நாள் ஒன்று வந்ததால் முதலில் எடுத்த அளவை எறிந்துவிட்டுத் திரும்பச் செய்தேன்.


குழாய்க்காரன் | 9 பெப்ரவரி

சரி, 50 டிகிரிக்கு வருவோம்.

காஸ் பாய்லர் சூடாக அடித்துவிட்டு நிற்கும். ஹீட் பம்பை அப்படி ஓட்டக் கூடாது. அதற்கு மெதுவாக, விடாமல் ஓடுவதுதான் பிடிக்கும். தண்ணீரை எவ்வளவு குறைந்த சூட்டில் அனுப்பி வீட்டைச் சூடாக வைக்கிறீரோ அவ்வளவுக்குக் கரண்ட் மிச்சம். மெஷினில் வெதர் கம்பன்சேஷன் என்று ஒரு வசதி இருக்கும், வெளியே 10 டிகிரி என்றால் 34, பூஜ்யம் என்றால் 43 என்று தானே மாற்றிக்கொள்ளும். உங்கள் வீட்டில் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பூட்டுகிறவர்களுக்கு அது சுலபம், "குளிருது" என்று யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். எங்கள் தொழிலில் எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற விஷயம் இதுதான். நல்ல மெஷினை வாங்கி, நல்ல குழாய் போட்டு, கடைசி அரை மணித்தியால வேலையைச் செய்யாமல் போவது.

ஹால் தெர்மோஸ்டாட்டை 23க்கு ஏற்றி விலக்கிவிடும். வெளிக் குளிருக்கு ஏற்பத் தண்ணீர் சூட்டை மாற்றுகிற அந்த வெதர் கம்பன்சேஷன் கோட்டைப் போடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் சூட்டில் ஒரு டிகிரி குறைத்துக்கொண்டு வாரும், வீடு 20க்குக் கீழே இறங்கத் தொடங்கும்வரை. அங்கேயிருந்து ஒரு டிகிரி கூட்டி விடும்.


அளவுகோல் | 9 பெப்ரவரி

அண்ணன் கையால் சொன்னதை நான் கணக்கால் சொல்கிறேன். இயற்கை விதிக்கும் உச்ச வரம்பு ஒன்று உண்டு, கார்னோ வரம்பு. தண்ணீரின் சூட்டோடு 273ஐக் கூட்டி, தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுக்க வேண்டும். வெளியே 6, தண்ணீர் 50 என்றால் 323ஐ 44ஆல் வகுத்து 7.3. தண்ணீர் 38 என்றால் 311ஐ 32ஆல் வகுத்து 9.7. எந்த மெஷினும் அதில் பாதியை ஒட்டித்தான் தரும். ஆனால் 12 டிகிரி இறக்கினால் வரம்பே மூன்றில் ஒரு பங்கு ஏறுகிறது. நடைமுறையில் கால் பங்கு என்று எதிர்பாருங்கள்.

ஹரோ அண்ணா, மச்சானிடம் அந்த 4.6 பற்றி மூன்று விஷயம் கேட்டுச் சொல்லுங்கள். எந்த மாதம், தண்ணீர் என்ன சூடு, குளிக்கும் தண்ணீர் சேர்த்தா?


ஹரோ_வாசி | 10 பெப்ரவரி

பதில் வந்தது. 2019இல் கட்டின வீடு, தரைக்குக் கீழே குழாய், தண்ணீர் 32 டிகிரி. அந்த 4.6 ஒக்டோபர் மாதம் மட்டும், ஆப்பில் பார்த்தது. வெளியே சராசரி 12 டிகிரி. குளிக்கிற தண்ணீர் சேரவில்லை.


அளவுகோல் | 10 பெப்ரவரி

அப்படியென்றால் அவருடைய வரம்பு 305ஐ 20ஆல் வகுத்து 15.25. அதில் 4.6 என்பது 30 சதவீதம். உங்கள் 3.38, 7.3இல் 46 சதவீதம்! அவருக்குக் கிடைத்தது எளிய வேலை, உங்களுக்குக் கிடைத்தது கடின வேலை. அந்த வேலைக்கு உங்கள் மெஷின் அவருடையதைவிட நன்றாகத்தான் ஓடியிருக்கிறது. குளிர் குறைந்த மாதத்தில் 30 என்றால் அவருடைய மெஷின் அடிக்கடி போட்டு அணைகிறதோ என்று பார்க்கச் சொல்லுங்கள். 7 கிலோவாட் அந்தப் புது வீட்டுக்குப் பெரிதாக இருக்கலாம்.

இரண்டு வீட்டை ஒப்பிட வேண்டும் என்றால் நான் இந்தச் சதவீதத்தைத்தான் முதலில் பார்ப்பேன். அளவுகள் முரட்டுத்தனமானவைதான், ஆனால் ஊரும் மாதமும் வீடும் கொண்டுவரும் வித்தியாசத்தில் பெரும்பகுதியை அது வெளியே எடுத்துவிடும்.


ஹரோ_வாசி | 19 பெப்ரவரி

கோட்டைப் போட்டு ஒன்பது நாள். மெஷின் இப்போது நிற்பதேயில்லை, முணுமுணுவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ரேடியேட்டரைத் தொட்டால் இளஞ்சூடு. முதல் நாள் அம்மா, "இது வேலை செய்யேல்லை, கூப்பிட்டுச் சொல்லு" என்றார். மூன்றாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு பிரச்சினை. ஹால், முன்னறை எல்லாம் 20. பின்பக்கத்தில் அம்மாவின் அறை 17.5க்கு இறங்கிவிட்டது. 81 வயது. அதற்காகத் திரும்ப 50க்கு ஏற்றுவதா?


குழாய்க்காரன் | 19 பெப்ரவரி

இன்றைக்கே அந்த அறைக்குத் தனியாக ஒரு மின்சார ஹீட்டர் வையும். அம்மாவைக் குளிரில் வைத்துப் பரிசோதனை செய்ய வேண்டாம். பிறகு பார்ப்போம்.

அந்த அறையில் ஒற்றைத் தகட்டுப் பழைய ரேடியேட்டரா? கட்டலாக்கில் 1,000 வாட் என்று போட்டிருக்கிற ரேடியேட்டர், 50 டிகிரித் தண்ணீரில் 460 வாட் தரும், 39இல் 240தான். மற்ற அறைகளில் புதுசு பெரிசு என்பதால் தாங்குகிறது. முதலில் முன்னறை ரேடியேட்டர்களின் கீழ்ப்பக்க வால்வைக் கால் சுற்றுச் சுற்றிச் சுருக்கும், தண்ணீர் பின்பக்கம் திரும்பும். அதிலும் வராவிட்டால் அந்த ஒரு ரேடியேட்டரை இரட்டைத் தகட்டுக்கு மாற்றும். ஒரு ரேடியேட்டருக்காக வீடு முழுக்க 50இல் ஓட்டுவது நட்டம்.


ஹரோ_வாசி | 10 மார்ச்

வால்வைச் சுருக்கியதில் 18.5 வந்தது. போன சனிக்கிழமை இரட்டைத் தகடு பூட்டினோம். இப்போது அம்மாவின் அறை 20.5. ஹீட்டரை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

பெப்ரவரி 10 தொடக்கம் மார்ச் 9 வரை 28 நாள்: வெப்பம் 1,720 யூனிட், இம்மர்சனின் 12 யூனிட்டைக் கழித்த பிறகு கரண்ட் 442. பிரித்தால் 3.89! 3.38இலிருந்து ஏறியிருக்கிறது.


அளவுகோல் | 10 மார்ச்

ரொம்பச் சந்தோஷம் அண்ணா. ஆனால் முழுவதையும் கோட்டின் கணக்கில் எழுதிவிடாதீர்கள், குளிரும் குறைந்திருக்கும். இரண்டு காலத்திலும் வெளியே சராசரி 5இலிருந்து 6 டிகிரி இருந்த நாட்களை மட்டும் எடுத்து ஒப்பிடுங்கள். டிகிரி நாள் கணக்கும் (ஒரு அடிப்படைச் சூட்டுக்குக் கீழே வெளியே எத்தனை டிகிரி இருந்தது என்று நாள்தோறும் கூட்டுவது) போடலாம், ஆனால் பிரிட்டனில் அதற்கு 15.5 டிகிரி அடிப்படை, நார்வேயில் 17, கனடாவில் 18. பனிமலர் அக்கா, மாமா, நீங்கள் மூவரும் அதை அப்படியே ஒப்பிட முடியாது.


ஹரோ_வாசி | 11 மார்ச்

கொப்பியில் இப்போது நாள்தோறும் எழுதுகிறேன், ஜனவரி நாட்களை மெஷினின் நினைவகத்திலிருந்தும் மீட்டரின் பதிவிலிருந்தும் எடுத்தேன். முன்பு ஐந்து நாள்: வெப்பம் 358, கரண்ட் 108, 3.31. இப்போது ஐந்து நாள்: வெப்பம் 352, கரண்ட் 90, 3.91. குளியல் தண்ணீர் இரண்டிலும் சேர்த்து, இம்மர்சன் இரண்டிலும் கழித்து. அதே குளிருக்கு 18 சதவீதம் கூட.


குழாய்க்காரன் | 11 மார்ச்

வெப்பம் 358க்கு 352. அதைப் பாரும். வீட்டுக்கு அதே அளவு சூடு போயிருக்கிறது, கரண்ட் மட்டும் குறைந்திருக்கிறது. நன்றாகச் செய்தீர் தம்பி.


வெளிச்சம் | 12 மார்ச்

இழை முழுவதையும் இரண்டுமுறை வாசித்தேன். பூட்ட வருகிறவர்களிடம் இரண்டு விஷயம் எழுத்தில் கேட்டிருக்கிறேன்: தனிக் கரண்ட் மீட்டரும் வெப்ப மீட்டரும் போட வேண்டும், வெளியே பூஜ்யம் இருக்கும்போது தண்ணீர் என்ன சூட்டில் ஓடும் என்று எண் சொல்ல வேண்டும். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா?


குழாய்க்காரன் | 12 மார்ச்

அறை அறையாக வெப்ப இழப்புக் கணக்கு. காகிதத்தில் கையில் தர வேண்டும். இம்மர்சனுக்கு டைமர் வைத்தால் எங்கே, எத்தனை மணிக்கு என்று அதிலேயே எழுதச் சொல்லும்.


ஹரோ_வாசி | 16 மார்ச்

மச்சான் இன்று காலை கூப்பிட்டார். இந்த இழையை அவருக்கு அனுப்பியிருந்தேன். தன் கரண்ட் மீட்டரையும் வெப்ப மீட்டரையும் படமெடுத்து அனுப்பினார். குளிக்கிற தண்ணீரும் சேர்த்து 12 மாதக் கணக்கு 3.7. குழாயில் எப்போதும் சுடுதண்ணீர் வரவேண்டும் என்று அங்கே ஒரு சுற்றுப் பம்ப் வைத்திருக்கிறார்கள், அது 24 மணித்தியாலமும் ஓடி டாங்கின் சூட்டைக் குழாய் வழியே இறைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. காலையும் மாலையும் மட்டும் ஓடும்படி டைமர் போட்டுவிட்டாராம். அடுத்த ஞாயிறு இரண்டு பேரும் ஒரே நேரத்தில், காலை ஏழு மணிக்கு, மீட்டர் வாசித்து எழுதத் தொடங்குகிறோம். அவருக்கு அது எட்டு மணி.